முன்பல்லும் அதன் பூட்டும்

உள்ளபோது நினைக்கப்படாததும் இழந்தபின் ஒவ்வொரு நாளும் நினைக்கப்படுவதுமான உறுப்பு முன்பல் போல வேறொன்று இல்லை எனலாம். கடைவாய்ப் பல் ஒன்று போனால் அதனை அறிபவர் இருவரே. ஒருவர் அதனை இழந்தவர். மற்றவர் அதனைப் பிடுங்கிய வைத்தியர். முன்பல் போனாலோ ஊரே அறியும். சிரிப்புக் குன்றும், கை தானாகவே வாயை மறைக்க எழும், பேச்சும் பழுதுபடும். நாவின் நுனி மேற்பல்லின் அடியிலே பொருந்தும்போது தகரமும் நகரமும் பிறக்கும் என்றும், பல்லும் இதழும் கூடும்போது வகரம் பிறக்கும் என்றும் தொல்காப்பியரும் நன்னூலாரும் வகுத்தவற்றைக் கல்லூரியிலே நெட்டுருப் பண்ணியவர்கள் நாம். பல் இல்லாதவிடத்து எழுத்தும் இல்லை என்பதை அந்நாளில் நாம் எண்ணினோமல்லோம்.

அவ்விலக்கணத்தை எமக்குக் கற்பித்த ஆசிரியப் பெருந்தகை ஒருவர், ஒரு தவணை விடுமுறை கழிந்து வந்தபோது மேல்வாய் முன்பற்கள் இரண்டினை இழந்திருந்தார். வகரத்தின் பிறப்பை விளக்க முயன்ற அன்று அவர் வாயினின்று வகரம் பிறக்கவில்லை, காற்றே பிறந்தது. வகுப்புச் சிரித்தது. அவர் சிறிது நேரம் யன்னலுக்கு வெளியே நோக்கி நின்றார். பின்னர்க் கரும்பலகையிலே எழுதிக் காட்டி அப்பாடத்தை முடித்தார். சிரித்தவர்களுள் யாமும் இருந்தோம். கல்லூரியின் விழா மலரிலே பல்லைப் பற்றி எழுதுவது பொருந்துமா என வினவும் அன்பர்க்கு இதுவே எமது விடை.

எம் ஆசிரியருக்கு அந்நாளில் வாய்த்தது கழற்றிப் பூட்டும் கட்டுப்பல் ஒன்றே. இன்றோ தாடை என்பினுள் உலோக வேர் ஒன்றை நட்டு, அதன்மேல் பல்முடி பூட்டும் முறை பரவியுள்ளது. ‘இம்பிளான்ற்’ என்னும் சொல் நம்மவர் வாயிலும் பழகிவிட்டது. இம்முறையை யாம் மனமுவந்து வரவேற்கின்றோம். ஆயின், வெளியே தெரியும் முன்பல்லில் அம்முடியை எவ்வாறு பூட்டுவது என்னும் வினா, பல்லுக்கு உரியவரைக் கேளாமலே பலவிடங்களில் தீர்க்கப்பட்டுவிடுகின்றது. அவ்வினாவைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பெருந்தெருவில், பெரியகல்லாற்றைக் கடந்ததும் அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையிலே அமைந்துள்ளது பெரியநீலாவணை. அதனை அடுத்து நெசவுக்குப் பேர்போன மருதமுனை. அப்பால் பாண்டிருப்பும் கல்முனையும். கவிஞர் நீலாவணன் (1931–1975) தமது புனைபெயரை எடுத்துக்கொண்டது இவ்வூரின் பெயரிலிருந்தே. கவிஞர் பெயரிலும் ஊரின் பெயரிலும் நகரமும் வகரமும் வருகின்றன. இரண்டையும் செவ்வனே சொல்ல மேற்பல் வேண்டும்.

அவ்வூரிலே எமக்கு உறவினரான இளைஞர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிளிலிருந்து வீழ்ந்து மேல் முன்பல் ஒன்றை இழந்தார். வளைகுடா நாடொன்றில் தொழில் புரிந்த காலத்தில், பல மாதச் சேமிப்பைச் செலவிட்டு அங்கேயே இம்பிளான்ற் பொருத்திக்கொண்டார். ஊருக்கு வந்து மணம் செய்தார். மணப் படத்திலே எது வைத்த பல் என்று பெற்ற தாயாலும் சுட்ட முடியவில்லை. மூன்றாம் ஆண்டு முரசு வீங்கிற்று. அழுத்தினால் சீழ் கசிந்தது. வலி இல்லாமையால் சில மாதங்கள் வாளாவிருந்தார். பின்னர் வைத்தியரிடம் சென்றபோது முடியைக் கழற்றிப் பார்க்க வழியில்லை; அது சீமெந்தினால் ஒட்டப்பட்டிருந்தது. எக்கம்பனியின் இம்பிளான்ற் என்று காட்டும் ஒரு துண்டுக் கடுதாசியேனும் அவரிடம் இருக்கவில்லை. ஈற்றில் முடியை அறுத்து நீக்கியபோது, முரசின் ஆழத்திலே கடுகளவு சீமெந்து இம்பிளான்றைப் பற்றியபடி கிடந்தது. இம்பிளான்ற் தப்பியது. ஆனால் முன்புறத்து என்பு தேய்ந்து முரசு மேலேறிவிட்டமையால், புதிய முடி பக்கத்துப் பல்லினும் நீண்டு தோன்றுகின்றது. அவர் மறுபடியும் கையால் வாயை மறைத்தே சிரிக்கின்றார்.

இழந்த பல்லுக்கு ஈடாக ஒன்றைத் தாடையிலே நட்டுவிடும் ஆசை மிகப் பழையது. மத்திய அமெரிக்காவின் ஹொண்டூராஸ் நாட்டில் 1931 ஆம் ஆண்டு அகழ்ந்தெடுக்கப்பட்ட, மாயர் காலத்துத் தாடை என்பு ஒன்றில், கீழ்வாய் முன்பற்கள் மூன்றின் இடத்தில் பல் வடிவாகச் செதுக்கிய சிப்பித் துண்டுகள் இருந்தன. அது கி.பி. 600 அளவினது என்பர். 1970 இல் எக்ஸ்றே எடுத்து ஆராய்ந்தபோது சிப்பிகளைச் சுற்றி என்பு வளர்ந்திருந்தமை புலனாயிற்று. அவை பிணத்துக்குச் செய்த அலங்காரம் அல்ல. உயிரோடிருந்தவர் வாயில் நட்டவை. அன்றும் மக்கள் முதலிற் கருதியது முன்பல்லையே என்பது கவனிக்கத்தக்கது.

இக்கால முறைக்கு வித்திட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் பேர்-இங்வார் பிரோனமார்க் (1929–2014). 1952 இல் அவர் முயலின் கால் என்பினுள் தைத்தேனியத்தாலான சிறு கருவியைப் பொருத்தி, என்பினுள் இரத்தம் ஓடும் வகையை நோக்கி வந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்க முயன்றபோது அது வரவில்லை. என்பும் உலோகமும் ஒன்றியிருந்தன. 1965 இல் அவர் முதன்முதலாக ஒரு மனிதருடைய பல்லில்லாத கீழ்த்தாடையிலே தைத்தேனிய வேர்களை நட்டார். அம்மனிதர் 2006 இல் மறையும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவற்றைக் கொண்டே உண்டார். 1982 இல் கனடாவின் தொறொன்ரோ நகரில் நடந்த மகாநாட்டின்பின் இம்முறை உலகெங்கும் ஏற்கப்பட்டது. பிரோனமார்க் காலத்துப் பற்கள் திருகாணியாற் பூட்டப்பட்டவை என்பதை ஈண்டு நினைவிற் கொள்க. பழுது நேர்ந்தால் வைத்தியர் அவற்றைக் கழற்றித் திருத்தி மீண்டும் பூட்டினார்.

முன்பல் இம்பிளான்றுக்கு மூன்று பகுதிகள் உள. என்பினுள் மறைந்திருப்பது தைத்தேனிய வேர். முரசை ஊடுருவி நிற்பது இடைத்தாங்கி. வெளியே தோன்றுவது பல்முடி. முடியைத் தாங்கியோடு சேர்ப்பதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, முடியின் பின்புறத்திலே சிறு துளை விட்டு, அதனூடே திருகாணியைச் செலுத்தி, அளந்த விசையோடு (பல அமைப்புகளில் 35 நியூற்றன் சென்ரிமீற்றர்) இறுக்கி, துளையைப் பல் நிறப் பூச்சால் மூடிவிடுவது. மற்றது, தாங்கியை முதலில் இறுக்கிவிட்டு, துளையில்லாத முடியை அதன்மேற் சீமெந்தால் ஒட்டிவிடுவது. நம் வீட்டுப் பெண்கள் தோட்டுக்குச் சுரை வைத்துப் பூட்டுகின்றனர். தோட்டைக் காதோடு ஒட்டிவிடும் தட்டார் எவரும் இலர். முதலாவது வழி சுரை போன்றது என்றால் வாசகர் எளிதில் விளங்கிக்கொள்வர்.

அவ்வாறாயின் முன்பல்லிலே சீமெந்து எவ்வாறு புகுந்தது? மேல்வாயின் முன்புறத்து என்பு வெளிநோக்கிச் சாய்ந்தது. அதன் முகப்புச் சுவர் பெரும்பாலாரில் ஒரு மில்லிமீற்றர் தடிப்பும் இல்லாதது. பல் போனபின் அச்சுவர் விரைவில் கரையும். எஞ்சிய என்பைத் தேடி வேரை நடும்போது வேரும் வெளிநோக்கிச் சாய்கின்றது. அப்பொழுது திருகாணித் துளை பல்லின் பின்புறத்திலே திறவாது, கூரிலோ முகப்பிலோ வந்து திறக்கின்றது. சிரிக்கும்போது தெரியும் பல்லின் முகத்திலே துளையை யார் விரும்புவர்? ஆகவே சாய்வைத் திருத்தும் தாங்கி ஒன்றை வைத்து, அதன்மேற் சாதாரண முடியைப் போல ஒட்டிவிடும் வழக்கம் எழுந்தது. வேர் நடும்போது நேர்ந்த சாய்வு முடி பூட்டும்போது சீமெந்தினால் மறைக்கப்படுகின்றது என்றே இதனைச் சொல்ல வேண்டும்.

மறைந்த சீமெந்தினால் விளையும் தீங்கு கற்பனையன்று. இயற்கைப் பல்லிலே முரசின் நார்கள் வேரினுள் குறுக்காகப் புகுந்து அரண் போல நிற்கின்றன. இம்பிளான்றிலோ நார்கள் உலோகத்தினுள் புகுவதில்லை. பக்கமாகவே படர்ந்து நிற்கின்றன. முடியை அழுத்தும்போது பிதுங்கும் சீமெந்தை ஆழத்துக்குச் செல்லாது தடுக்க அங்கே வலிய அரண் இல்லை. முன்பல்லின் அழகுக்காக முடியின் விளிம்பை முரசின் கீழே மறைப்பது வழக்கமாதலால், கண்ணும் கருவியும் எட்டாத இடத்திற் சீமெந்து தங்குகின்றது. அதனைச் சுற்றி அழற்சி தோன்றும். பின்னர் என்பு கரையும். அமெரிக்க முரசு வைத்தியர் தோமஸ் வில்சன், நோயுற்ற 42 இம்பிளான்றுகளை நுண்காட்டிக் குழாயினால் ஆராய்ந்து 2009 இல் வெளியிட்ட முடிவு யாவரும் அறியத்தக்கது. அவற்றுள் நூற்றுக்கு 81 பங்கில் மிஞ்சிய சீமெந்து காணப்பட்டது. அதனை நீக்கியபின் நூற்றுக்கு 74 பங்கில் நோய்க்குறிகள் மறைந்தன. சில வாய்களில் நோய் வெளிப்பட்டது முடி பூட்டிப் பல ஆண்டுகள் சென்றபின். விளிம்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குச் சீமெந்து எஞ்சும் என்பதை லித்துவேனிய ஆய்வாளரும் நிறுவியுள்ளனர்.

எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்காட்டல் எமது கடமை. திருகாணி தளர்வதுண்டு. துளையைச் சுற்றியுள்ள பீங்கான் சில வேளை உதிர்வதுண்டு. ஒட்டிய முடியிலே துளையின் அடையாளம் இராமையால் அழகு முழுமை பெறும் என்பாரும் உளர். இவற்றை மறுக்கின்றோமல்லோம். எனினும் ஒன்றை நோக்குக. திருகாணி தளர்ந்தால் முடி ஆடும். உரியவர் அன்றே அறிவார். வைத்தியர் சில நிமிடங்களில் மீண்டும் இறுக்குவார். சீமெந்து எஞ்சினால் ஒன்றும் ஆடாது. வலியும் பெரும்பாலும் இராது. என்பு கரைந்தபின்னரே அறிய நேரும். உடனே தன்னை அறிவிக்கும் பிழையும், மறைந்திருந்து அழிக்கும் பிழையும் நம் முன்னே இருப்பின், அறிவுடையோர் முன்னதையே தெரிவர் என்பது எமது துணிபு.

மேலும், அழகும் காப்பும் ஒன்றையொன்று பகைக்க வேண்டிய காலம் கழிந்துவிட்டது. திருகாணித் துளையைச் சுமார் 25 பாகை வரை பின்புறமாகத் திருப்பிவிடும் அமைப்புகள் இன்று உள. சேர்க்கோனியா முடியைத் தைத்தேனிய அடித்தளத்தோடு வாய்க்கு வெளியே, ஆய்வுகூடத்து மேசையிலேயே ஒட்டி, மிஞ்சிய சீமெந்தை முற்றாகத் துடைத்து, மெருகிட்டு, பின்னர் முழுவதையும் திருகாணியால் வாயிலே பூட்டும் முறையும் உண்டு. அங்கே சீமெந்து முரசைத் தொடுவதேயில்லை. முரசின் வடிவைப் பதப்படுத்தத் தற்காலிக முடியொன்றைச் சில மாதங்கள் அணியச் செய்வர். அதனையும் திருகாணியாற் பூட்டினாலன்றோ வேண்டியபோது கழற்றி வடிவு திருத்த இயலும்? இவையனைத்துக்கும் மேலாக, முதலில் முடியின் இடத்தையும் வடிவையும் முடிவு செய்து, அதற்கு இசைய வேரை நடுவதே முறை. எதிரே நிற்பவர் காண்பது முடியையே. வேர் அம்முடிக்காக நடப்படுவது.

என்பின் சாய்வு மிகுதியாகி ஒட்டுவதன்றி வேறு வழி இல்லாத வாய்களும் உள. அத்தகையோர்க்கும் யாம் கூறுவது கடினமானதன்று. முரசின் வளைவுக்கு ஏற்பத் தனியே கடைந்த தாங்கியைக் கொண்டு, விளிம்பு முரசின் கீழே ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஆழாதபடி செய்க. சீமெந்தை மெல்லிய படலமாக மட்டும் தடவுக. எக்ஸ்றேயில் தோன்றும் சீமெந்தையே தெரிக. முடியும் வேளை ஒரு படம் எடுத்துப் பார்க்க. இவற்றைச் செய்யும் வைத்தியர் பலர் உளர். செய்யாதாரும் உளர் என்பதற்குப் பெரியநீலாவணை இளைஞரின் முரசே சான்று.

நம் கரையோரத்துக்கு இது ஏன் சிறப்பாக உரியது என்று கேட்கலாம். இந்நாட்டிலே பல் வைத்தியக் கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கி 1954 இல் பேராதனைக்கு மாறியது. அங்கே கற்ற வல்லுநர் பலர் இன்று நாடெங்கும் பணிபுரிகின்றனர். ஆயினும் இம்பிளான்ற் பொருத்துவதற்குக் கிழக்கு மக்களிற் பலர் கண்டிக்கோ கொழும்புக்கோ செல்கின்றனர். கடல் கடந்து உழைக்கச் சென்றவர் அங்கேயே பொருத்திக்கொண்டு திரும்புகின்றனர். பல் ஓரிடத்தில் நடப்படுகின்றது. வாழ்வு மற்றோரிடத்தில் நடக்கின்றது. நட்டவர் கைக்கு எட்டாத தொலைவிலே பழுது நேரும்போது, அதனைத் திறந்து பார்க்க வேண்டியவர் முன்பின் அறியாத வேறொரு வைத்தியர். அவருக்கு இரண்டு வேண்டும்: திறப்பதற்கு ஒரு வழி, திறவுகோல் எது என்று அறிய ஒரு குறிப்பு. கம்பனிக்குக் கம்பனி திருகாணியும் திருகு கருவியும் வேறுபடுகின்றன. பெயர் தெரியாத இம்பிளான்ற், சாவி தொலைந்த இரும்புப் பெட்டி போன்றது.

ஆதலால் முன்பல்லுக்கு இம்பிளான்ற் நாடும் ஒவ்வொருவரும், பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேட்கவேண்டும் என்பது எம் விண்ணப்பம். என் முடி திருகாணியாற் பூட்டப்படுமா, சீமெந்தால் ஒட்டப்படுமா? ஒட்டுவதாயின் காரணம் யாது, விளிம்பு எவ்வளவு ஆழத்தில் அமையும்? நாளை வேறொரு வைத்தியர் இதனைக் கழற்ற இயலுமா? இம்பிளான்றின் கம்பனி, வகை, நீளம், விட்டம், தாங்கியின் விபரம் ஆகியவற்றை எழுதித் தருவீர்களா? இவ்வாறு கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. நல்ல வைத்தியர் இக்கேள்விகளை மகிழ்ந்து ஏற்பார். கடிதத்தைப் பெற்றபின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் அதனையும் வைத்துப் பேணுக. முரசிலே குருதியோ சீழோ கண்டால், வலி இல்லையென்று தாமதியாது செல்க. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் இம்பிளான்றின் பகைவர் என்பதையும், தினமும் துலக்கும் கடமை வைத்த பல்லுக்கும் உண்டு என்பதையும் மறவாதிருக்க.

இம்மலரைப் படிக்கும் மாணவத் தம்பியர்க்கும் ஒரு சொல். வளரும் வயதில் இம்பிளான்ற் நடலாகாது. தாடை வளர, இயற்கைப் பற்கள் அதனோடு இறங்கி வரும். உலோக வேர் நட்ட இடத்திலேயே நின்றுவிடும். சில ஆண்டுகளில் அப்பல் குட்டையாய்த் தோன்றும். வளர்ச்சி முடியும்வரை பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒட்டும் சிறகுப் பல்லோ, கட்டுப்பல்லோ போதும். அதனினும் மேலானது உம் சொந்தப் பல். மைதானத்திலே பந்து பட்டு நிலைத்த பல் முழுவதாகக் கழன்று வீழ்ந்தால், அதனை வேரிற் பிடியாது முடியிற் பிடித்து எடுங்கள். அழுக்கிருப்பின் ஒரு கணம் நீரில் அலசி, வந்த குழியிலேயே செலுத்தி, சுத்தமான துணியைக் கடித்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடுங்கள். செலுத்த இயலாவிடின் பாலிலே இட்டுக் கொண்டுசெல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சென்றால் அப்பல் மீண்டும் ஊன்ற இடமுண்டு. இது பாற்பல்லுக்குப் பொருந்தாது. விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் இச்சில வரிகளை விளையாட்டறைச் சுவரிலே எழுதிவைப்பின், எக்கம்பனியின் இம்பிளான்றாலும் செய்ய முடியாத உதவியைச் செய்தவராவர்.

நம் பழைய மாணவருள் பல் வைத்தியராய் விளங்கும் அன்பர்க்கும் ஒன்று சொல்லி அமைவோம். தாங்கள் பூட்டும் முன்பல் தங்கள் கண்ணெதிரே சில நிமிடங்களே இருக்கும். பிறகு அது பெரியநீலாவணைக்கோ தோகாவுக்கோ சென்றுவிடும். அதனை மற்றொரு கை திறக்கவேண்டிய நாள் வரும் என்று கருதியே பூட்டுங்கள். ஒரு கடிதமும் உடன் கொடுத்தனுப்புங்கள்.

எம் தமிழாசிரியர் இன்றில்லை. அவர் வகுப்பிலே அன்று சிரித்தவர்களிற் சிலர் இன்று தாமே பல் இழந்து, அவ்விலக்கணத்தின் உண்மையைத் தம் வாயால் உணர்ந்திருக்கின்றனர். விழா நாளிலே ஒருங்கு கூடி ‘வாழ்க’ என்று கல்லூரியை வாழ்த்தப் போகின்றோம். அச்சொல்லின் முதலெழுத்து வகரம். கூடியிருப்போரில் எவரும் கையால் வாயை மறையாது அதனைச் சொல்லும் நிலை வரவேண்டும் என்பதே எமது அவா.